படிக்கும் மருமகளுக்கு யார் துணை?

ரயில்வேயில் டிப்ளமோவோடு சேர்ந்து, ஏ.எம்.ஐ.இ. தேர்வைப் பாதியில் விட்டவன் நான். பாடம் கடினம் என்பதால் அல்ல. நைட் டூட்டி முடிந்து வந்தால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் நர்ஸாக இருக்கும் என் மருமகள், 36 வயதில் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்றபோது எனக்கு மகிழ்ச்சியோடு கவலையும் வந்தது.

நம் நாட்டில் நர்ஸிங் பட்டப்படிப்பு 1946-லேயே டில்லியிலும் வேலூரிலும் தொடங்கிவிட்டது. ஆனாலும் டிப்ளமோவோடு வார்டுகளைத் தாங்குபவர்கள் ஏராளம். அவர்களுக்காக இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வகுத்த போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டுகள். பாடத்தை வீட்டில் படிக்கலாம். செய்முறைப் பயிற்சிக்கு நேரில் போயே ஆகவேண்டும். அதுவே முறை. வார்டுப் பக்கமே வராமல் பட்டம் வாங்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

நியூயார்க் மாநிலத்தில் 2017-ல் சட்டமே போட்டார்கள்: புதிய நர்ஸ்கள் 10 ஆண்டுகளுக்குள் பட்டம் பெறவேண்டும். அங்கே வேலை பார்த்துக்கொண்டே பலர் கணினி வழியே படிக்கிறார்கள்.

இங்கே அவளுக்கு நேரம் யார் தருவது? தேர்வு மாதத்திலாவது ஆஸ்பத்திரி நிர்வாகம் நைட் டூட்டியைத் தவிர்க்கலாம். வீட்டில்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைத் தட்டுக்கூட எடுக்கவிட மாட்டோம். மருமகள் படித்தால் மட்டும் சமையல் முடிந்த பிறகுதான்! சொந்தபந்தமெல்லாம் ஊரில் இருக்க, இங்கே நாம்தானே கைகொடுக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் காலைக் காப்பியும் பேரனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவதும் இப்போது என் டூட்டி. இரவுச் சமையல் மகனுடையது. என் படிப்பு நின்றது நின்றதுதான். அவள் படிப்பு நிற்கக்கூடாது.