சன்னலோர மோடமும் பொதுச்சொத்தும்

2ஜி வழக்கு நடந்த ஆண்டுகளில் 'அலைக்கற்றை' என்ற சொல் நாளிதழ்கள் வழியாகத் தேநீர்க்கடை வரை சென்று சேர்ந்தது. ஒரு கலைச்சொல் இவ்வளவு விரைவாகப் பொதுவழக்கில் கலந்தது அரிது. ஆயினும் ஏலம், இழப்பு, தீர்ப்பு ஆகியவற்றுக்குரிய சொல்லாகவே அது நின்றுவிட்டது. அறையின் சன்னலோரத்தில் இருக்கும் சிம் மோடம் அந்த அலைக்கற்றையின் எந்தப் பகுதியில் இயங்குகிறது என்ற கேள்வி, அச்சொல்லை நன்கறிந்த ஆய்வு மாணவரிடமும் எழுவதில்லை. காணொலி வகுப்பு நின்றுபோனால் நிறுவனத்தைத் திட்டுவார். மோடத்தை அணைத்துப் போடுவார்.

இந்தியாவில் 4ஜி சேவை 850, 900, 1800, 2100, 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் எனப் பல அலைவரிசைகளில் பரவிக் கிடக்கிறது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 850 பேண்ட் 5 என்றும், 1800 பேண்ட் 3 என்றும், 2300 பேண்ட் 40 என்றும் தோன்றும். இவற்றின் இயல்பு ஒன்றல்ல. 850 தொலைதூரம் செல்லும், சுவர்களை ஊடுருவும். ஆனால் அதன் அகலம் குறைவு, கூட்டம் சேர்ந்தால் திணறும். 2300 அகலமானது, சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். டெல்லி முனீர்க்காவின் சந்துகளில், ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் கட்டடங்களின் தரைத்தள அறையில் ஒன்றும், அதே கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் வேறொன்றும் பொருந்துவது இதனால்தான்.

எந்த அலைவரிசை என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் வலையமைப்பே தீர்மானிக்கிறது. நகர்ந்துகொண்டே இருக்கும் கைபேசிக்கு அது சரியான ஏற்பாடு. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும் வீட்டு மோடத்துக்கும் அதே ஏற்பாடு பொருந்தும் என்று கொள்வதில்தான் பிழை இருக்கிறது. அந்த இடத்துக்கு எது உகந்தது என்பதை அளந்து அறிய முடியும். அளப்பதற்கான எண்களும் மோடத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆர்எஸ்ஆர்பி வலிமையைச் சொல்லும், எஸ்ஐஎன்ஆர் தெளிவைச் சொல்லும். ஆனால் பயனர் காண்பதோ முகப்பில் எரியும் நான்கைந்து கோடுகளை மட்டுமே. எத்தனை கோடு எந்த அளவைக் குறிக்கும் என்பதற்குப் பொதுத்தரம் கிடையாது. தயாரிப்பாளர் வைத்ததே வரையறை. குறிக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு இடுகுறித்தன்மை உடையது என்று மொழியியலின் முதல் வகுப்பிலேயே கற்பிக்கிறார்கள். மொழியில் அந்த இடுகுறியைச் சமூகத்தின் உடன்பாடு தாங்கி நிற்கிறது. இந்தக் கோடுகளுக்கு அந்த உடன்பாடும் இல்லை. கோடுகள் முழுவதும் எரிய, நெரிசலில் இணைப்பு முடங்கிக் கிடப்பது அன்றாடக் காட்சி.

வேகச் சோதனையில் வரும் பெரிய எண்ணும் இதேபோல் ஏமாற்றும். 2300-இல் பதிவிறக்கமும் பதிவேற்றமும் ஒரே அலைவரிசையைக் காலத்தால் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கில் பெரும்பகுதி பதிவிறக்கத்துக்கே போகிறது. 1800-இல் இரண்டுக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. திரைப்படம் பார்ப்பவருக்கு முன்னது போதும். இணையவழி வாய்மொழித் தேர்வில் பேசவேண்டியவருக்கு, குறைந்த எண்ணைக் காட்டும் பின்னதே கைகொடுக்கக்கூடும். இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலையிலும் தனித்தனியே அளந்து பார்க்காமல் இதை முடிவுசெய்ய இயலாது.

தனியே விலைக்கு வாங்கும் மோடங்கள் பலவற்றில் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. நிறுவனங்களே தரும் கருவிகள் பலவற்றில் அது மறைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி பூட்டிவைத்தால் நெரிசலைப் பங்கிடும் கணக்கு குலையும் என்பது அவர்கள் கூறும் காரணம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மாடியறையில் 2300 தெளிவாகக் கிடைக்கும் ஒருவர், கோடுகள் கூடுதலாக எரிகின்றன என்பதற்காக 850-இல் போய் அமர்ந்தால், அதைத் தவிர வேறொன்றும் எட்டாத தரைத்தளத்துக்காரரின் பங்கைத்தான் அவர் எடுத்துக்கொள்கிறார். அகலமான அலைவரிசை கிடைப்பவர் அதிலேயே நிற்பதுதான் முறை.

ஆனால் இந்தக் காரணம் தேர்வுக்குத்தான் பொருந்தும். அளவுகளையே மறைப்பதற்குப் பொருந்தாது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தச் சொத்தின் எந்தப் பகுதி தம் வீட்டுக்குள் வருகிறது, எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதையேனும் மாதக் கட்டணம் செலுத்துபவர் பார்க்க முடியவேண்டும். மின்மானியின் எண்களை மறைத்துவிட்டு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார். நிறுவனம் வழங்கும் ஒவ்வொரு மோடத்தின் முதற்பக்கத்திலும் அலைவரிசை, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் மூன்றையும் காட்டவேண்டும் என்று டிராய் வற்புறுத்துவது பெரிய காரியமன்று.

தேர்வு வசதி கிடைக்கப்பெற்றவர்களும் ஒரே ஒன்றில் பூட்டிவிடாமல், இரண்டு அலைவரிசைகளையேனும் திறந்துவைத்திருப்பது நல்லது. ஒன்றில் மட்டும் பூட்டினால், பலவற்றை ஒருங்கே இணைத்துக் கிடைக்கும் வேகமும் போய்விடும். கோபுரத்தில் அந்த அலைவரிசை பழுதாகும் நாளில், பக்கத்து அறைகளில் எல்லாம் இணையம் ஓட, பூட்டியவரின் மோடம் மட்டும் ஊமையாகக் கிடக்கும்.