சலுகை மட்டும் போதாது!

காவிரிப் படுகையில் அறுவடை மும்முரமடையும்போது, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சாக்குத் தட்டுப்பாடு என்கிற குரல் அடிக்கடி எழுகிறது. தஞ்சை விவசாயியின் நெல் வெட்டவெளியில் குவிந்து கிடப்பதற்கும், கொல்கத்தாவையொட்டி ஹூக்ளி நதிக்கரையில் தறிகள் நிற்பதற்கும் தொடர்பு இருக்கிறது. இந்திய சணல் ஆலைகள் சங்கத்தின் வரலாறு மேற்கு வங்கத்தின் உள்விவகாரம் மட்டுமல்ல என்பதற்கு இதுவே சான்று.

நாட்டின் முதல் சணல் ஆலை 1855-இல் ரிஷ்ராவில் தொடங்கப்பட்டது. 1884-இல் ஆலை அதிபர்கள் கொல்கத்தாவில் ஒரு சங்கம் கண்டனர். 1902-இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் கோலோச்சிய உலக சாக்குச் சந்தையை வங்கத்து ஆலைகள் கைப்பற்றின. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்கான மணல் மூட்டைகள் ஆலைகளுக்குக் கொள்ளை லாபம் ஈட்டித் தந்தன.

ஆனால், சங்கத்தின் பலம் உற்பத்தியைப் பெருக்குவதில் அல்ல, கட்டுப்படுத்துவதில்தான் இருந்தது. விலை சரியாமல் காக்க, வேலை நேரத்தைக் குறைக்கும் ஒப்பந்தம் 1886-லேயே செய்துகொள்ளப்பட்டது. 1930-களின் பெருமந்தத்தில் தறிகளின் ஒரு பகுதிக்கு முத்திரை வைக்கப்பட்டது. லாபம் காக்கப்பட்டது, சுமை தொழிலாளர்களின் தலையில் விழுந்தது. 1929-லும் 1937-லும் பெரும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன.

1947-இல் தேசப் பிரிவினை பேரிடியாக வந்தது. ஆலைகள் இந்தியாவில், சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்கு பாகிஸ்தானில். 1949-இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது பாகிஸ்தான் குறைக்க மறுத்ததால், கச்சா சணல் வரத்தே முடங்கியது. அதையும் தாண்டி, 1950-களில் அன்னியச் செலாவணி ஈட்டித் தந்த முதன்மைப் பொருள்களில் ஒன்றாக சணல் விளங்கியது. பின்னர் செயற்கை இழைப் பைகள் வந்தன, ஏற்றுமதி தேய்ந்தது.

கைகொடுத்தது மத்திய அரசு. 1987-இல் இயற்றப்பட்ட சட்டம், குறிப்பிட்ட பொருள்களை சணல் பைகளில்தான் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதன்கீழ் அண்மை ஆண்டுகளில் உணவு தானியத்துக்கு நூறு சதவீதமும் சர்க்கரைக்கு 20 சதவீதமும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. வங்கதேச, நேபாள சணல் பொருள்களுக்கு 2017-இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரியும் விதிக்கப்பட்டது. உலகுக்கே சாக்கு அனுப்பிய தொழில், அரசின் கொள்முதலை நம்பி வாழும் தொழிலாகிவிட்டது.

இந்தப் பாதுகாப்பு தவறு என்று கூறிவிட முடியாது. சுமார் 40 லட்சம் விவசாயக் குடும்பங்களும், மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்களும் இதை நம்பியிருப்பதாக அரசே தெரிவிக்கிறது. மண்ணில் மக்கும் சணலைக் கைவிட்டு பிளாஸ்டிக்கைத் தழுவுவதும் விவேகமல்ல. ஆனால், கட்டாயச் சந்தையைப் பெறுவோருக்குக் கட்டாயக் கடமையும் வேண்டாமா? 2020 பொது முடக்கத்தில் ஆலைகள் நின்றபோது, பிளாஸ்டிக் பைகளுக்கு அரசு அனுமதி அளிக்க நேர்ந்தது. 2021-இல் கச்சா சணலுக்குக் குவிண்டாலுக்கு ரூ. 6,500 என உச்சவரம்பு விதிக்கப்பட்டதும், அந்த விலைக்குச் சணல் கிடைக்காமல் பல ஆலைகள் மூடப்பட்டன. 2022 மே மாதத்தில் உச்சவரம்பு விலக்கப்பட்டது. நடுவில் வேலையிழந்து தவித்தவர் தொழிலாளி.

உரிய நேரத்தில் சாக்கு வழங்குதல், இயந்திரங்களைப் புதுப்பித்தல், தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றை நிலுவையின்றிச் செலுத்துதல் ஆகிய நிபந்தனைகளுடன்தான் அரசின் கொள்முதல் ஆணைகள் வழங்கப்பட வேண்டும். மாற்று சணல் பொருள்களுக்கு வெளிநாடுகளில் சந்தை தேடும் பொறுப்பைச் சங்கமும் ஏற்க வேண்டும். தில்லியிடம் சலுகை கேட்பதே ஒரு சங்கத்தின் வேலையாகிவிட்டால், சணல் பயிரிடும் வங்கத்து விவசாயிக்கும் மீட்சியில்லை, சாக்குக்காகக் காத்திருக்கும் தஞ்சை விவசாயிக்கும் விடிவில்லை!