தண்டில் வேர்விட்டவர்கள்

பெங்களூரின் ஆஸ்டின் டவுனுக்கு கிட்டல் நகர் என்று இன்னொரு பெயரும் உண்டு. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டல் 1894-ல் சுமார் 70,000 சொற்கள் கொண்ட கன்னட அகராதியை வெளியிட்டார். அந்த உழைப்புக்குக் கன்னட நாடு காட்டிய நன்றி இந்தப் பெயர். ஆங்கிலப் பெயரில் பிறந்து ஜெர்மானியர் பெயரையும் சுமக்கும் இந்தப் பகுதியில் தமிழும் உருதும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தில் புழங்குகின்றன. இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி காவிரியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் தலைதூக்குகிறது. கேட்பவர்கள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. இருநூறு ஆண்டுக் கதை என்பதால் பதிலும் நீளமானதுதான்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விழுந்தது. அங்கே தங்கிய கம்பெனிப் படையைக் காய்ச்சல் வாட்டி எடுக்கவே, 1809-ல் அல்சூர் ஏரிப் பக்கம் புதிய ராணுவ முகாம் உருவானது. கெம்பே கவுடர் 1537-ல் கட்டிய பேட்டைக்குக் கிழக்கே ‘தண்டு’ எழுந்தது இப்படித்தான். வந்தது சென்னை மாகாணத்துப் படை. சிப்பாய்களோடு சமையல்காரர், குதிரைக்காரர், சலவைத் தொழிலாளி, கொத்தனார், கொல்லர், தோட்டி, கறிக்கடைக்காரர் என்று ஒரு சமூகமே இடம்பெயர்ந்தது. ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் அதைச் சுற்றிய தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். சிலர் செல்வந்தரானார்கள். இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் 1873-ல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர்கள் சாலை போட்டார்கள், சாக்கடை அள்ளினார்கள், துரை வீட்டில் அடுப்பெரித்தார்கள். ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், நீலசந்திரா போன்ற பகுதிகளின் வரலாறு இவர்களின் வரலாறு. பெயர் பொறித்த கல்வெட்டு எதுவும் இவர்களுக்கு இல்லை என்பதாலேயே இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழர் மட்டும் வரவில்லை. ஷிராஸிலிருந்து 1824-ல் குதிரைகளோடு வந்து சேர்ந்தவர் ஆகா அலி அஸ்கர். ஆஸ்டின் டவுனிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜான்சன் மார்க்கெட் அருகே, பாரசீக வழி வந்த ஷியா முஸ்லிம்களின் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அந்தக் குதிரை வியாபாரியின் பேரன் மிர்ஸா இஸ்மாயில் 1926 முதல் 1941 வரை மைசூர் திவானாக இருந்தார். ஈரானியக் குடும்பம் ஒன்று இரண்டு தலைமுறையில் மைசூரின் சொந்தக் குடும்பமானதை அன்று நாடு ஏற்றுக்கொண்டது.

1881-ல் மைசூர் அரசு உடையார்களுக்குத் திரும்பியபோதும் தண்டு மட்டும் பிரிட்டிஷார் கையிலேயே நின்றது. 1891 கணக்கெடுப்பில் தண்டில் 1,00,081 பேர்; பேட்டையில் 80,285 பேர். ஒரே ஊருக்குள் இரண்டு ஆட்சி, இரண்டு நகரசபை. தண்டின் அலுவலகத்தில் கன்னடத்துக்கு இடமில்லை. தன் நாட்டின் முதன்மை நகரிலேயே தன் மொழி வாசலில் நிறுத்தப்பட்டதைக் கன்னடர்கள் மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. ‘பெங்களூர் நம்மூர்தான்’ என்று சென்னையிலிருந்து பெருமை பேசுபவர்கள் இந்த வலியைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

இதே காலத்தில், ஒரே இனத்துக்கென்று ஒரு கிராமத்தை அமைக்கும் முயற்சியும் நடந்தது. 1882-ல் ஆங்கிலோ இந்தியர் சங்கத்தின் டி. எஸ். ஒயிட் மைசூர் மகாராஜா தந்த 3,900 ஏக்கரில் தம் சமூகத்துக்காக ஒரு விவசாயக் குடியிருப்பைத் தொடங்கினார். அதுதான் ஒயிட்ஃபீல்டு. அழகான தேவாலயம், பழத்தோட்டம் எல்லாம் இருந்தும் ஊர் பெரிதாக வளரவில்லை. ஆங்கிலோ இந்தியர்களுக்கு வேலை ரயில்வேயிலும் தபால் தந்தியிலும் தண்டிலும் இருந்தது. அதனால் அவர்கள் ரிச்மண்ட் டவுனிலும் ஆஸ்டின் டவுனிலும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் தக்கணி முஸ்லிம்களுக்கும் அண்டை வீட்டாராகவே வாழ்ந்தார்கள். 1947-க்குப் பிறகு பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களுக்குச் சட்டமன்றத்தில் இருந்த நியமன இடமும் 2020 ஜனவரியோடு போய்விட்டது.

தண்டு மைசூரோடு சேர்ந்தது 1947-ல். இரண்டு நகரசபைகளும் ஒரே மாநகராட்சியானது 1949-ல். மொழிவழி மாநிலம் பிறந்தது 1956 நவம்பர் 1-ல். அதாவது ஆஸ்டின் டவுன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பல, எந்த எல்லையைத் தாண்டி வந்ததாகக் குற்றம் சாட்டப்படுகின்றனவோ, அந்த எல்லையைவிட வயதில் மூத்தவை.

இந்தக் கலப்பு என்ன தந்தது என்பதைப் பந்தில் பார்க்கலாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடிப் பேசப்பட்ட இந்தியக் கால்பந்து அணியில் ராமன், தன்ராஜ், அகமது கான், பஷீர் எல்லோரும் பெங்களூர்க்காரர்கள். பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் ராமன். பட்டாளத்து வெள்ளைக்காரரிடம் பார்த்துக் கற்ற ஆட்டத்தைத் தண்டின் ஏழைப் பிள்ளைகள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இன்றும் ஆஸ்டின் டவுனின் நந்தன் மைதானத்தில் சாயங்காலம் நின்றால் கேட்கும். “மச்சா, பாஸ் குடு” என்று ஒரு குரல், “ஹாக்கோ மகா” என்று கன்னடத்தில் அடுத்தது, தக்கணி உருதில் ஒரு வசவு, கோல் விழுந்ததும் மூன்று மொழியிலும் ஒரே கூச்சல். பந்தைக் கேட்கிறவன் தன் மொழி எது என்று யோசித்துவிட்டுக் கேட்பதில்லை.

பக்கத்து விவேக்நகரில், 1970-களின் தொடக்கத்தில் கூடாரத்தில் ஆரம்பித்த குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமை தோறும் கூட்டம் அலைமோதும். பர்தா அணிந்தவர்களும் குங்குமம் வைத்தவர்களும் மெழுகுவத்தி ஏந்தி ஒரே வரிசையில் நிற்பார்கள். இதைச் சமய நல்லிணக்க மாநாடு எதுவும் ஏற்பாடு செய்யவில்லை.

ஆனால் இந்த ஊர் அடி வாங்காமல் இருந்ததும் இல்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதும், 1991 டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூரின் ஏழைத் தமிழர்களின் குடிசைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, தாங்கள் வாழ்ந்தே அறியாத தமிழகத்துக்கு ஓடினார்கள். அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட இருந்த வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டது. சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் அதே வாரம் எழுந்தது. 2012 ஆகஸ்டில் வதந்திக்குப் பயந்து ஆயிரக்கணக்கான வடகிழக்கு இளைஞர்கள் கவுகாத்தி ரயிலைத் தேடி ஓடினார்கள். ஆட்கள் மாறினாலும் ஓடவிட்ட கேள்வி அதேதான்.

கத்தியில்லாமல் கணக்கெடுப்பும் மனிதரை வெட்டும். கர்நாடகத்தில் பட்டியல் சாதியினரில் பெருந்தொகையானோர் ஆதி கர்நாடகா, ஆதி திராவிடா, ஆதி ஆந்திரா என்ற மூன்று பொதுப்பெயர்களில் பதிவானவர்கள். தண்டின் தமிழ்த் தலித் குடும்பங்களில் பலவற்றின் சான்றிதழில் இருப்பது ஆதி திராவிடா. உள்ஒதுக்கீட்டுக்காக அமைந்த நாகமோகன் தாஸ் ஆணையம் இந்த மூன்று பெயர்களில் அடங்கியவர்களுக்குத் தனியாக 1 சதவீதம் பரிந்துரைத்தது. 2025 ஆகஸ்டில் மாநில அரசு அதை விட்டுவிட்டு, வலது கைச் சாதிகள், இடது கைச் சாதிகள், பிறர் என்று 6-6-5 சதவீதமாகப் பிரித்தது. உள்ஒதுக்கீடு நியாயமானது, நெடுங்காலம் போராடிப் பெற்றது. ஆனால் நான்கைந்து தலைமுறையாக நகரத்தில் துப்புரவு வேலை செய்த குடும்பத்திடம் வலதா இடதா என்று கேட்டால், பாட்டனின் கிராமத்தையே அறியாத பிள்ளை என்ன சொல்லும்? அந்தப் பிரிவுகளை உதறத்தான் முன்னோர் ஒரு பொதுப்பெயரை ஏற்றார்கள். அதற்காக இன்று பேரப்பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது.

2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். படிவத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம், தெரிந்த பிற மொழிகளுக்கு இரண்டு. ஆஸ்டின் டவுனில் வீட்டில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், கறிக்கடையில் உருது, பள்ளியில் ஆங்கிலம் என்று வாழ்பவருக்கு அந்த இரண்டு கட்டம் போதாது. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல், இம்முறை சாதியையும் சேர்த்து. கதவைத் தட்டுபவரிடம் தாய்மொழியைத் தயங்காமல் தமிழ் என்றே சொல்லுங்கள். தெரிந்த மொழிகளில் கன்னடத்தை முதலில் எழுதச் சொல்லி, எழுதினாரா என்று படிவத்தைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பிள்ளைக்குக் கன்னடம் எழுதப் படிக்க வராவிட்டால், அதற்குள் கற்றுக்கொடுக்க இன்னும் நாளிருக்கிறது.