மறைப்பது கருணை ஆகாது

மார்பகம் அடர்த்தியானது என்று சொன்னால் பெண்கள் வீணாகப் பயந்துவிடுவார்கள், சொல்லாமல் விடுவதே நல்லது என்ற நம்பிக்கை மருத்துவர்கள் சிலரிடையே இருக்கிறது. இரக்கமாகத் தோன்றினாலும் இது பெண்ணின் அறிவை மதிக்காத பழக்கமே. மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கருமையாகவும், சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் வெண்மையாகவும் தெரியும். புற்றுக்கட்டியும் வெண்மைதான், ஆகவே இவ்வெண் திசுக்கள் மிகுந்த அடர்த்தியான மார்பகத்தில் அது எளிதில் மறைந்துகொள்ளும். புற்று வரும் வாய்ப்பையும் அடர்த்தி ஓரளவு கூட்டுகிறது. அடர்த்தியைத் தொட்டுப் பார்த்து அறிய முடியாது. படத்தைப் படிக்கும் மருத்துவருக்கே தெரியும். அவர் பேசாமல் இருந்துவிட்டால், ‘குறை ஒன்றுமில்லை’ என்ற முடிவை அந்தப் பெண் முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறாள்.

அந்த மௌனத்தின் விலையை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த நான்சி கப்பெல்லோ கொடுத்தார். ஆண்டுதோறும் பரிசோதனை செய்து, நலம் என்ற பதிலையே பெற்றுவந்த அவருக்கு 2004இல் முற்றிய புற்று கண்டறியப்பட்டது. தம் மார்பகம் அடர்த்தியானது என்பதை அதன் பிறகே அவர் அறிந்தார். அவரது போராட்டத்தால் 2009இல் அம்மாநிலம், அடர்த்தியைப் பெண்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2024 செப்டம்பரிலிருந்து அந்நாடு முழுவதும் இத்தகவலைத் தெரிவிப்பது கட்டாயம்.

எதிர்த்தரப்பிடம் சான்று இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆய்வில், அடர்த்தி பற்றித் தெரிவிக்கப்பட்ட பெண்களிடம் பதற்றமும் குழப்பமும் கூடுதலாக இருந்தன. இதை மறுக்கவில்லை. ஆனால் குடும்ப மருத்துவரிடம் பேச நினைத்தவர்களும் அவர்களிடையேதான் அதிகம். விளக்கம் தேடும் மனத்துக்கு வேண்டியது விளக்கம். அதற்கு மௌனம் மருந்தாகாது.

அடர்த்தி தெரிந்தபின் செய்யும் கூடுதல் பரிசோதனை பொய்யான எச்சரிக்கையைத் தரும் என்பதும் உண்மையே. ஆயினும் நெதர்லாந்தில், அடர்த்தி மிக அதிகமான பெண்களுக்கு எம்ஆர்ஐ வாய்ப்பளித்தபோது, இரு பரிசோதனைகளுக்கு இடையே வெளிப்படும் புற்று 1,000 பேருக்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்ததாக 2019இல் முடிவு வெளிவந்தது. உயிரிழப்பு குறைகிறதா என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. நன்மையும் தொல்லையும் இப்படிக் கலந்திருக்கும்போது, எடைபோட்டு முடிவெடுக்கும் உரிமை அந்த உடலுக்குரியவளுடையது.

ஆகவே திருத்த வேண்டியது சொல்லும் முறையை. நாற்பது வயதைக் கடந்த அமெரிக்கப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அடர்த்தியான மார்பகமே. இது நோயன்று, இயல்பு. இதையும், பெண்ணின் மார்பக அடர்த்தி எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து யாரிடம் என்ன கேட்கலாம் என்பதையும் பரிசோதனை முடிவுக் கடிதமே தெளிவாகச் சொல்லட்டும். பதில் சொல்ல மருத்துவரும் ஆயத்தமாக இருக்கட்டும். அப்போதும் சிறிது அச்சம் எஞ்சலாம். அதைத் தாங்கும் வலிமை பெண்களுக்கு உண்டு. காலம் கடந்தபின் உண்மை அறியும் நிலைதான் யாருக்கும் வரக்கூடாது.