மறைந்த பாடகரின் குரல் யாருக்குச் சொந்தம்? எஸ்.பி.பி. விவகாரம் எழுப்பும் சட்டக் கேள்விகள்

திருப்பதி: மறைந்த பின்னணிப் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் செயற்கை நுண்ணறிவு மூலம் மறுஉருவாக்கம் செய்யப்பட்ட விவகாரம், ஒரு கலைஞரின் மறைவுக்குப் பின் அவரது குரலுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வியை எழுப்பியது. இந்தியச் சட்டத்தில் இதற்கு இன்னும் நேரடியான விடை இல்லை.

காளஹஸ்தியில் பள்ளிப் படிப்பையும், திருப்பதியில் புகுமுக வகுப்பையும் முடித்த எஸ்.பி.பி., 2020 செப்டம்பர் 25-ஆம் தேதி சென்னையில் காலமானார். 2023 நவம்பரில் வெளியான 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் அவரது குரல் செயற்கை நுண்ணறிவு மூலம் பயன்படுத்தப்பட்டது தெரியவந்தது. குடும்பத்தின் அனுமதி பெறப்படவில்லை எனக் கூறி, அவரது மகன் எஸ்.பி.சரண் 2024 ஜனவரியில் படத் தயாரிப்பாளருக்கும் இசையமைப்பாளருக்கும் சட்டப்பூர்வ நோட்டீஸ் அனுப்பினார்.

அதே மாதத்தில் இதற்கு நேர்மாறான முன்னுதாரணம் ஒன்றும் வெளிவந்தது. 'லால் சலாம்' படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை மறுஉருவாக்கம் செய்த இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தினரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக விளக்கம் அளித்தார்.

சட்டம் எதைப் பாதுகாக்கிறது?

15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளுக்கு இன்று பதிப்புரிமை இல்லை, யாரும் பாடலாம். ஆனால், ஒருவர் அதைப் பாடிப் பதிவு செய்தால், அந்த ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகளும், பாடியவரின் நிகழ்த்துநர் உரிமைக்கு 50 ஆண்டுகளும் பதிப்புரிமைச் சட்டம், 1957 பாதுகாப்பு அளிக்கிறது.

இந்த உரிமைகள் பாடப்பட்ட நிகழ்வையும் அதன் பதிவையும் சார்ந்தவை. பாடகர் ஒருபோதும் பாடாத பாடலை இயந்திரம் அவரது குரலில் பாடும்போது, அங்கே அவரது நிகழ்த்துகை என எதுவும் இல்லை. குரல் வளத்தைத் தனியுடைமையாக அச்சட்டம் வரையறுக்கவும் இல்லை. இயந்திரத்தைப் பயிற்றுவிக்கப் பழைய பதிவுகள் நகலெடுக்கப்பட்டிருந்தால், அதன் பேரில் வழக்குத் தொடர வாய்ப்புண்டு. ஆனால், பல நேரங்களில் பதிவின் உரிமை இசை நிறுவனத்திடம் இருக்கும், குடும்பத்திடம் இருக்காது.

வாழ்வோருக்கு ஒரு நீதி

உயிருடன் இருக்கும் கலைஞர்களுக்கு நீதிமன்றங்கள் துணை நிற்கின்றன. நடிகர் அனில் கபூரின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்த டெல்லி உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தடை விதித்தது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராக மும்பை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்கால நிவாரணம் வழங்கியது.

மறைந்தோர் விஷயத்தில் நிலைமை வேறு. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படத்துக்கு எதிராக ஜெ.தீபா தொடர்ந்த வழக்கில், ஒருவரின் ஆளுமை உரிமை அவரது மறைவுக்குப் பின் வாரிசுகளுக்குச் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் கூறியது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடர்ந்த வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றமும் 2023-இல் இதே நிலைப்பாட்டை எடுத்தது. ஆனால், அவை வாழ்க்கைக் கதையைப் படமாக்குவது தொடர்பான வழக்குகள். ஒருவரின் கதையைப் பிறர் சொல்வது கருத்துச் சுதந்திரம். அவரது குரலையே எடுத்து வணிகத்துக்குப் பயன்படுத்துவதும் அதில் அடங்குமா என்பதே இப்போதைய கேள்வி.

அடுத்து என்ன?

அமெரிக்காவின் டென்னசி மாகாணம் 2024-இல் இயற்றிய 'எல்விஸ் சட்டம்' குரலுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. அங்கு மறைவுக்குப் பின்னும் வாரிசுகள் உரிமை கோரலாம். இந்தியாவில், செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒலி, காட்சிப் பதிவுகளுக்கு அடையாளக் குறியிடுவதைக் கட்டாயமாக்கும் விதிகள் 2026 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. கேட்பவர் ஏமாறாமல் இருக்க அது உதவும். ஆனால், குறியிடுவது அனுமதி பெற்றதற்கு ஈடாகாது.

ரஹ்மான் பின்பற்றிய நடைமுறை அவரது விருப்பத்தால் அமைந்தது; சட்டக் கட்டாயத்தால் அல்ல. யாரிடம் அனுமதி பெறுவது, எத்தனை ஆண்டுகளுக்கு, ஊதியம் யாருக்கு என்பதை நாடாளுமன்றம் வரையறுக்கும் வரை, புகழ்பெற்ற குடும்பங்கள் நோட்டீஸ் அனுப்பும். மேடைக் கச்சேரிகளை நம்பி வாழ்ந்து மறைந்த எளிய பாடகர்களின் குடும்பங்களுக்கு அந்த வழியும் எட்டாது.