கொடுங்கோல் வீழ்ந்த பின்...

"கொடிய ஆட்சிகளைச் சித்திரிக்கும் நாவல்களை ஏன் வாசிக்க வேண்டும்? மனச்சோர்வுதான் மிச்சம். நம் நாட்டிலும் நெருக்கடி நிலை வந்தது; மக்கள் வாக்களித்து வீழ்த்தினார்கள்; கதை முடிந்தது" என்று கற்றவர்களே கூறக் கேட்கிறோம். 'கதை முடிந்தது' என்னும் அச்சொல்லையே நான் மறுக்கிறேன்.

ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை'யில், கொடிய பண்ணையாளன் இரண்டாம் அத்தியாயத்திலேயே விரட்டப்படுகிறான். எஞ்சிய நூல் முழுவதும் 'விடுதலை'க்குப் பிந்திய வாழ்வே! மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய 'பணிப்பெண்ணின் கதை' இன்னும் கசப்பானது. கொடுங்கோலாட்சி அழிந்து நெடுங்காலம் சென்றபின், 2195 ஜூன் 25 அன்று, பேராசிரியர்கள் கருத்தரங்கில் கூடி, அடிமைப்பட்ட பெண்ணொருத்தியின் வாக்குமூலத்தை ஆராய்கின்றனர். இடையிடையே நகைச்சுவை பேசிச் சிரிக்கின்றனர். ஆட்சி வீழ்ந்தது; அலட்சியம் வீழவில்லை.

தற்செயலே எனினும், நம் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் ஒரு ஜூன் 25 அன்றுதான், ஆண்டு 1975. அது 1977 மார்ச்சில் நீங்கியது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. மிசாச் சட்டமும் ஒழிந்தது. நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடினோம். பின் நடந்ததென்ன? 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982-இல் தமிழகத்தில் குண்டர் சட்டம் வந்தது. வழக்கு விசாரணையின்றியே ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்க இரண்டும் இடமளிக்கின்றன. தடுப்புக் காவலின் கடுமையைக் குறைக்க 1978-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பிரிவோ, இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. கண்ணில் படாமல் போய்விட்ட ஷா ஆணைய அறிக்கையை, இரா. செழியன் என்னும் தனிமனிதர் 2010-இல் தொகுத்து மறுபதிப்பாக வெளியிட வேண்டியிருந்தது.

தொலைவில் ஏன் தேட வேண்டும்? 1993-இல், விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் காவல் நிலையத்தில் ஏழைத் தொழிலாளி ஒருவர் சித்திரவதைக்குள்ளாகி மாண்டார். அப்போது நெருக்கடி நிலை ஏதும் இல்லை. தேர்தல்கள் நடந்தன, நீதிமன்றங்கள் திறந்திருந்தன. குற்றவாளிகள் உயர்நீதிமன்றத்தில் தண்டனை பெற 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. அக்கொடுமையை 2021-இல் 'ஜெய் பீம்' திரைப்படத்தில் கண்டு கண்ணீர் வடித்தோம். பின்பு அடுத்த படத்திற்குப் போய்விட்டோம். அக்கருத்தரங்கப் பேராசிரியர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

மனச்சோர்வு தரும் என்பதற்காக இந்நூல்களைத் தள்ளிவிடாதீர்கள். கொடுங்கோலன் வீழும் பக்கத்தோடு நிறுத்தியும் விடாதீர்கள். இறுதிப் பக்கம் வரை வாசியுங்கள். அதன்பின், விசாரணையின்றி அடைபட்டிருப்போர் நம் ஊரில் எவரேனும் உண்டா என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கத் தூண்டாத வாசிப்பு, வெறும் பொழுதுபோக்கே.