வீராணத்துக்கு மேலே பறப்பதால் யாருக்கு லாபம்?

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர், லால்பேட்டையில் ஹெலிகாப்டர் தளம் வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பேசி வருகிறார். இங்கே ஏறினால் வீராணம் ஏரி, சிதம்பரம் கோபுரங்கள், பிச்சாவரம் காடு என மூன்றையும் கால் மணி நேரத்தில் காட்டிவிடலாமாம். துபாயில் ஈச்சமரத் தீவை அப்படித்தான் காட்டுகிறார்கள், நம்ம ஊருக்கு என்ன குறைச்சல் என்கிறார். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். இனியும் பேசாமல் இருப்பது சரியல்ல.

துபாயை இங்கே இழுப்பதே முதல் தவறு. அந்தத் தீவு கடலில் மணலைக் கொட்டி வரைந்த படம். தரையில் நின்றால் சாலையும் வீடுகளும்தான் தெரியும். மரத்தின் உருவம் தெரிய வேண்டுமென்றால் வானத்துக்குப் போயாக வேண்டும். வீராணம் அப்படிப் பிறந்ததல்ல. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் உருவாகி, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரைத் தாங்கி நிற்கும் ஏரி இது. கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவரும் தண்ணீரைத் தேக்கி, மதகு மதகாகப் பிரித்து, 44,000 ஏக்கருக்கு மேல் பாய்ச்சுகிறது. 47.5 அடி நிறைந்தால் 1.465 டி.எம்.சி. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. இந்த ஏரியின் அருமை அதன் கரையிலும் மதகிலும் வாய்க்காலிலும் இருக்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி நாலரை நிமிடத்துக்குள் முடிந்துபோகும். ஆயிரம் ஆண்டு உழைப்பை நாலரை நிமிடத்தில் கடப்பதைப் பார்ப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நண்பர் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை வேறு துணைக்கு அழைக்கிறார். அந்த நாவலில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வந்து, இந்தக் கரையோரம்தான் ஏரியைப் பார்க்கிறான். கல்கியைப் படித்துவிட்டு வருகிறவருக்கு வேண்டியது கரையில் நிழலும், குடிதண்ணீரும், ஒழுங்கான கழிப்பறையும்தான். அதோடு, வெளியூர்க்காரர்கள் கிளம்புவது கோடை விடுமுறையில். அப்போது ஏரி எப்படிக் கிடக்கும் என்று ஊர்க்காரரான அவருக்குத் தெரியாதா? 2024 தொடக்கத்தில் ஏரி வறண்டு, சென்னைக்குத் தண்ணீர் அனுப்புவதே நின்றது. வெடித்த மண்ணைக் காட்டவா டிக்கெட்?

உதகையில் நடந்ததை ஒருவர் எடுத்துச் சொன்னபோது அவர் தந்த பதில்தான் எனக்குத் தாங்கவில்லை. 2023 மே மாதம், கோடை விழாவை ஒட்டி உதகையில் ஹெலிகாப்டர் சுற்றுலா நடத்தத் திட்டமிட்டார்கள். காட்டு உயிர்களுக்குக் கேடு என்று வழக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. “அது மலைக்காடு, இங்கே யானையா இருக்கிறது?” என்கிறார் நண்பர். யானை இல்லை. ஆனால் அவர் வட்டமிடச் சொல்லும் பிச்சாவரம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அடைகிற இடம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, தனக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்கு அரணாக நின்றதும் இதே காடுதான். துடுப்பு போடுகிறவர் மெதுவாகக் கிளைகளுக்கு அடியில் கூட்டிப்போனால்தான் அங்கே பறவையைப் பார்க்க முடியும். தலைக்கு மேல் இறக்கை சுழன்றால் கூட்டம் முழுக்கக் கிளம்பிப் போய்விடும். காட்ட வேண்டியதை விரட்டிவிட்டு எதைக் காட்டுவார்?

சமவெளி என்பதால் ஆபத்து இல்லை என்பது அவருடைய அடுத்த வாதம். 2025 ஏப்ரல் 10 அன்று நியூயார்க் அருகே சுற்றுலா ஹெலிகாப்டர் ஹட்சன் ஆற்றில் விழுந்தது. மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேரும் இறந்தார்கள். அங்கே மலை இல்லை. 2023 ஜனவரி 2 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் கடற்கரையில் இரண்டு சுற்றுலா ஹெலிகாப்டர்கள் ஒன்றோடொன்று மோதி நான்கு பேர் இறந்தார்கள். அங்கேயும் மலை இல்லை. நம் பக்கம் நெய்வேலியிலிருந்து உயர் அழுத்த மின்கம்பிகள் வயல்வெளிக்கு மேலே போகின்றன. தாழப் பறப்பவருக்கு அவையே போதும்.

பணம் ஊருக்கு வரும் என்பதுதான் ஊராரை மயக்கும் பேச்சு. எப்படி வரும்? ஹெலிகாப்டர் வெளியிலிருந்து வரும். விமானியும் பழுது பார்ப்பவரும் எரிபொருளும் வெளியிலிருந்து வரவேண்டும். ஏறுகிறவர் காரில் வந்து, பறந்து, காரிலேயே திரும்பிவிடுவார். நம் கொடிக்கால்காரரிடம் ஒரு கவுளி வெற்றிலைகூட வாங்க மாட்டார். பிச்சாவரத்தில் துடுப்பு போடுகிறவருக்குக் கிடைக்கும் கூலி உள்ளூரில்தான் செலவாகிறது. அவருடைய பிழைப்புக்கு மேலே போட்டியாகப் பறக்கவிட்டு, அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைப்பது அநியாயம்.

வெள்ளக் காலத்தில் மீட்புக்கு அந்தத் தளம் உதவுமே என்றும் சொல்கிறார். மீட்புக்கு வரும் ஹெலிகாப்டரை நான் கைகூப்பி வரவேற்பேன். அதற்கும் சுற்றிக்காட்டுகிற வியாபாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஏரி நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் உபரிநீர் திறக்கும்போது கீழே உள்ள கிராமங்களின் வயல் மூழ்காமலிருக்க வழி சொல்லட்டும், நானும் அவரோடு நிற்கிறேன்.

இந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்து வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். ஏரியைத் தூர்வாரவும், கரையைப் பலப்படுத்தவும், கரையில் நடந்துபோக நிழல் மரங்கள் வைக்கவும் மனு எழுதுங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.